டிவியோடு சேர்வது, கையோடு போவது

மார்ச் 4

தம்பிக்கு,

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி காலை, கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவசரத்துக்கு என்று உன்னிடம் கொடுத்துவைத்த சாவியால் என் கதவைத் திறந்து, என் டிவிக்குப் பக்கத்தில் இருந்த கேம் மெஷினை நீ எடுத்துக்கொண்டு போனாய். இதுதான் நடந்த தவறு. இதற்கு வேறு பெயர் கொடுக்க வேண்டாம்.

போனில் கேட்க மாட்டேன். போனில் நீ "சரிக்கா, சரிக்கா, அப்புறம் பேசறேன்க்கா" என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். எனக்கு எழுத்தில் வேண்டும்.

ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் டிவி மேசைக்குத்தான் போனது. மெஷினைச் செருகி டிவியோடு இணைக்கும் டாக் இருக்கிறது, அதற்குள் செருகியிருந்த மெஷின் இல்லை. கண்ட்ரோலர் இரண்டும் இல்லை. சார்ஜர் வயரைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறும் டாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? செடி நடவா?

நமக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. உனக்குக் கல்யாணமாகித் தனியாகப் போன அன்று, ஒரே அலமாரியில் கிடந்த கேம் மெஷின்களை எல்லாம் தரையில் பரப்பிவைத்துப் பிரித்துக்கொண்டோம். நீதான் உன் கையால் எழுதினாய்: "டிவியோடு சேர்வது அக்காவுக்கு. கையோடு போவது தம்பிக்கு." கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். பத்தொன்பது வருஷம். ஒரு நாள், ஒரு வயருக்காகக்கூடச் சண்டை வந்ததில்லை. நீ ஊர் ஊராகப் போய்க் கடைத் தராசுகளுக்குப் பழுது பார்க்கிறவன், பஸ்ஸில் விளையாட உனக்குக் கையில் பிடிப்பது. நான் சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் சரிபார்த்துவிட்டு வீட்டோடு கிடந்தவள், எனக்கு டிவியில் மாட்டுவது. இதைவிடத் தெளிவாகப் பாகம் பிரித்தவர்கள் உண்டா?

இந்த மெஷின் டிவியோடு சேர்வது. நாலு வருஷமாக டிவியோடுதான் இருந்தது. அதற்குள் நாம் இருவரும் கட்டிவரும் ரயில் விளையாட்டு இருக்கிறது. அறுபத்தொரு ஸ்டேஷன். தண்டவாளம் நான் போட்டது, நேர அட்டவணை நீ போட்டது. கடற்கரைப் பாதை பாதியில் நிற்கிறது. என் மலைச் சுரங்கத்தில் நீ கை வைத்திருந்தால் உன்னோடு எனக்கு எந்தப் பேச்சும் இல்லை.

இன்னொன்று. பதில் எழுதும்போது பெரிதாக எழுது. என் கண்ணின் லட்சணம் உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறாய். தபால்காரர் கொடுக்கும்போதே, "உள்ள என்ன சார், போஸ்டரா?" என்று கேட்டார்.

சொல்லாமல் எடுத்தது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னுடையதைத்தான் எடுத்தேன். "கையோடு போவது தம்பிக்கு." நான் கையில் எடுத்தேன், அது என்னோடு வந்தது. டிவி வந்ததா? டாக் வந்ததா? ஒன்றும் வரவில்லை. மெஷின் மட்டும் பைக்குள் போய் உட்கார்ந்தது. பஸ் ஏறினேன், திறந்தேன், ரயில் ஓடியது. ஒப்பந்தத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எது?

நீயே ஒரு சோதனை செய்து பார். மெஷினை டாக்கிலிருந்து எடு. மெஷின் விளையாடும். டாக்கை மெஷினிலிருந்து எடு. டாக் விளையாடுமா? திரை மெஷினில். பேட்டரி மெஷினில். நம் ரயில் மெஷினில். டாக் என்பது வழிப்போக்கன் உட்கார்ந்துவிட்டுப் போகும் பெஞ்சு. பெஞ்சைக் காட்டி ஆள் என்னுடையவன் என்றால் எப்படி?

எனக்கு இப்போது அலைச்சல் கொஞ்சம் அதிகம். வாரத்தில் சில நாள் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்குத்தான்.

சுரங்கத்தைத் தொடவில்லை. ஒரு தண்டவாளம்கூடப் போடவில்லை. ரயில்களை ஓடவிட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தண்டவாளம் போடுவது உன் வேலை.

கண் எப்படி இருக்கிறது? அடுத்த ஊசி எப்போது?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

பெரிதாக எழுது என்று சொல்லியும் கடுகு கடுகாக எழுதி அனுப்பியிருக்கிறாய். போன் கேமராவுக்குக் கீழே உன் கடிதத்தை வைத்து டிவியில் போட்டுத்தான் படித்தேன். கவனி, உன் கடிதமே டிவியில்தான் ஓடியது. கையில் பிடித்தால் அது வெறும் அழுக்குக் காகிதம்.

உன் வாதத்துக்கு வருகிறேன். அதற்கு வாதம் என்று பெயர் சொல்வதே உனக்கு நான் செய்யும் மரியாதை.

தூக்கிக்கொண்டு போக முடிந்தால் அது கையோடு போவது என்கிறாய். எங்கள் தொழிற்சாலையில் தையல் மெஷின்களை வருஷத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றுவோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள். அதனால் தையல் மெஷின் கைப்பை ஆகிவிடுமா? தூக்குவது உன் கையின் குணம். மெஷினின் குணம் அல்ல.

மெஷினின் குணம் எது என்று நான் சொல்கிறேன். நீ படித்தவன்; எட்டாம் வகுப்போடு நின்ற நான் மெனுவைத் தட்டித் தட்டியே தெரிந்துகொண்டவள். டாக்கில் செருகியிருக்கும்போது அது முழு பலத்தோடு ஓடும். வெளியே எடுத்தால் பேட்டரிக்குப் பயந்து தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும். படமும் குறையும், வேகமும் குறையும். அதாவது, உன் கையில் அது அரை உயிராகக் கிடக்கிறது. எங்கே ஒரு பொருள் முழுசாக இருக்கிறதோ அதுதான் அதன் இடம். உனக்கு இது புரியாது. நீ எடைக்கல்லோடு வாழ்ந்தவன்.

வாங்கிய கடைக்கும் போய் வந்தேன். ஒரு பக்கம் டிவி மெஷின் அலமாரி, ஒரு பக்கம் கை மெஷின் அலமாரி. இதை இரண்டிலும் வைக்காமல் நடுவில் தனியாக ஒரு ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரனிடம் கேட்டேன்.

"இது எந்த வகைப்பா? டிவியா, கையா?"

"ரெண்டும்தாம்மா. ஹைப்ரிட்."

"ரெண்டும்னா பாகம் எப்படிப் பிரிக்கிறது?"

"பாகமா? ஏம்மா, இன்னொன்னு வாங்கிடுங்களேன்."

ரெண்டும்தான் என்று சொல்கிறவன் எவனும் யோசித்துச் சொல்வதில்லை. விற்றால் சரி அவனுக்கு. ஹைப்ரிட்டாம். நம் வாயில் இதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர். அப்படி எதுவும் என் வீட்டில் நாலு வருஷம் இருந்ததில்லை. இன்னொன்று வாங்கினால் நம் ரயில் அதில் வந்துவிடுமா? நீ கேள்விப்பட்டிருக்கிறாயா அப்படி?

அது டிவியில் ஓட வேண்டியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வாதமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். என் பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. டிவியில் அந்தப் பொட்டு ஒரு ஸ்டேஷனை மறைக்கும். தலையைத் திருப்பினால் ஸ்டேஷன் வந்துவிடும். உன் உள்ளங்கைத் திரையில் ராஜ்யமே பொட்டுக்குள் போய்விடும்.

கடைசியாக, மனதில் கிடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தவன் ஜனவரியோடு நின்றுவிட்டாய். கடைசியாக வந்த அன்று, "பாதிக் கப் ஊத்துக்கா, போதும்" என்றாய். அதையும் முழுசாகக் குடிக்கவில்லை. நாற்பது வருஷமாக என் வீட்டில் சொம்பளவு டீ குடித்தவன். உன் வீட்டுக்காரி போடும் டீ ருசியாகிவிட்டதென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். மத்தியான வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பூட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கே மெஷினைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனாய் என்று இப்போது புரிகிறது.

மெஷினைத் திருப்பிக் கொடு.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஏழு வரிதான் பிடிக்கிறது. உன் டிவிக்கு ஓய்வு கொடு.

டீ விஷயத்தில் என் வீட்டுக்காரியை இழுக்காதே. அவள் போடுவது டீயே இல்லை என்று அவளுக்கே தெரியும்.

நீ "எடைக்கல்லோடு வாழ்ந்தவன்" என்று எழுதியதால் எடைபோட்டே பார்த்துவிட்டேன். முத்திரை போட்ட தராசு, சந்தேகம் வேண்டாம். கண்ட்ரோலர் இரண்டும் மாட்டிய மெஷின் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம். ஒரு மனிதன் கையில் பிடிப்பதற்கென்றே போட்ட எடை. வீட்டோடு கிடக்கும் பொருளை எவனும் கிராம் கிராமாக இளைக்கவைக்க மாட்டான். உன் பழைய டிவி மெஷின்களில் ஒன்றாவது மூன்று கிலோவுக்குக் குறைந்து உண்டா?

அரை உயிராகக் கிடக்கிறது என்கிறாய். அரை உயிரும் உயிர்தான் அக்கா. ஓடுகிறதே.

டிவி இல்லாமல் அது எவ்வளவு சுகமாக ஓடுகிறது என்று உனக்குத் தெரியவில்லை, அதனால் பேசுகிறாய். மெஷினின் முதுகில் மடக்குக் கால் ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டாயா? அதை விரித்துத் தட்டின் மேல் நிறுத்திவிடுவேன். கண்ட்ரோலர்களைக் கழற்றி ஒவ்வொரு கையிலும் ஒன்று. இடது கை அசையாமல் கிடந்தாலும் கட்டைவிரல் ஒன்று போதும், ரயில் நிற்கும், கிளம்பும். நாலு மணி நேரம் சார்ஜ் தாங்குகிறது. திங்கள், புதன், வெள்ளி, ஒரு தடவைகூட நடுவில் அணைந்ததில்லை. எந்த வயரும் வேண்டாம், எந்த டாக்கும் வேண்டாம். இதைத்தான் வீட்டு மெஷின் என்கிறாயா?

சதுப்பு நிலத்து ஸ்டேஷனுக்கு உன் பழைய சூப்பர்வைசர் பெயரை வைத்தோமே, அங்கே இன்னும் ஒரு வண்டியும் நிற்பதில்லை. வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

உனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு வியாதி. ஜெயிக்கப்போகிறோம் என்று தோன்றிவிட்டால் வாய் நிற்காது. கேரம் ஆடும்போது ராணியைப் போட்டுவிட்டு எந்தக் கோணத்தில் அடித்தாய் என்று எதிராளிக்கே சொல்லிக்கொடுப்பாய். இந்தக் கடிதத்திலும் அதைத்தான் செய்திருக்கிறாய்.

முதலில் உன் வாதத்தை முடித்துவிடுகிறேன். நீ மெஷினைக் கையில் பிடிக்கவில்லை. தட்டில் நிறுத்தியிருக்கிறாய். கையில் பிடிக்காதது கை மெஷின் இல்லை. உன் வாயாலேயே உன் வழக்கு செத்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராமையும் தூக்குவது தட்டு, நீ இல்லை. உன் முத்திரைத் தராசை மூட்டை கட்டு.

இப்போது என் கேள்விகள். முப்பத்திரண்டு வருஷம் ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்த்தவள் கேட்கிறேன்.

எந்தத் தட்டு? எந்தப் பஸ்ஸில் தட்டு இருக்கிறது? எந்தக் கடையில் தராசுக்காரனுக்குத் தட்டு போட்டு உட்காரவைக்கிறார்கள்?

இடது கை ஏன் அசையாமல் கிடக்கிறது? "கிடந்தாலும்" என்று எழுதினாய். கையை வைத்திருக்கிறவன் கிடக்கிறது என்று எழுத மாட்டான்.

திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம். உனக்கு ஜென்மத்தில் எந்த வேலையும் நேரப்படி நடந்ததில்லை. கடைக்காரன் கூப்பிட்டால் போவாய், விரட்டினால் வருவாய். இந்த அட்டவணையைப் போட்டது நீ இல்லை.

இன்னொன்று நீ கடைசியாக வந்த அன்றைக்கே கண்ணில் பட்டது. கண்ணில் பட்டும் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் உன் மேல் கோபமாக இருந்தேன். உன் முழுக்கைச் சட்டையில் இடது மணிக்கட்டுப் பட்டனை அரை அங்குலம் தள்ளி மாற்றித் தைத்திருந்தது. வலதில் இல்லை. நேரே பார்த்தால் எனக்கு எதுவும் தெரிவதில்லை, ஓரத்தில்தான் தெரியும். பட்டன் ஓரத்தில் இருந்தது. தைத்த கை உன் வீட்டுக்காரியுடையது, நூல் கலர்கூடச் சேரவில்லை. அந்தக் கையை ஏன் தளர்த்த வேண்டும்? அதற்குள் என்ன இருக்கிறது?

அரைக் கப் டீயையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் வீட்டுக்காரி எடுத்தாள். "அவர் கடைக்குப் போயிருக்காருங்க அண்ணி" என்றாள். எந்தக் கடை என்று கேட்டேன். "கடைக்குத்தான் அண்ணி" என்றாள். பொய் சொல்லவும் ஒரு பயிற்சி வேண்டும்.

நேராக எழுது.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நீ சொல்வது சரி. அது வீட்டு மெஷின்தான். டிவியோடு சேர்வதுதான். ஒப்பந்தப்படி உன்னுடையது.

வரும் வெள்ளிக்கிழமை கழிந்ததும் கூரியரில் அனுப்பிவிடுகிறேன். கண்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் வரும். ரயில் நீ விட்ட இடத்திலேயே இருக்கிறது.

மற்றபடி கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வெயிலுக்கு உடம்பு கொஞ்சம் வாடியிருக்கிறது. கடற்கரைப் பாதையை நீயே முடித்துவிடு. அட்டவணை போடுவது ஒன்றும் கஷ்டமில்லை, நான்தான் இத்தனை வருஷம் அதைப் பெரிய வித்தை மாதிரி காட்டிக்கொண்டேன்.

கண்ணைப் பார்த்துக்கொள். தனியாகப் பஸ் ஏறாதே.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கூரியரில் எதையும் அனுப்பாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஆள் வழியாகக் கொடுத்தனுப்புகிறேன், இன்றைக்கே படி.

உன் கடிதத்தை மூன்று தடவை டிவியில் போட்டுப் பார்த்தேன். "நீ சொல்வது சரி." அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக எழுதியிருக்கிறாய். நாலு வருஷத்தில் நீ எந்த ஸ்டேஷனின் பெயரில்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கே பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துவைத்தேன். இத்தனை நாள் நீ ஏமாற்றியபோது வெறும் எரிச்சல்தான் வந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை தனியாகப் பஸ் ஏறினேன். ஏறாதே என்று நீ எழுதியதற்காகவே ஏறினேன். பஸ் நம்பர் தெரியாது எனக்கு. டிரைவரைக் கேட்டால் சொல்கிறான், அதற்குத்தான் அவனுக்கு வாய் இருக்கிறது. உன் வீட்டில் போய் நின்றேன். உன் வீட்டுக்காரி கதவைத் திறந்ததும், "கடைக்குப் போயிருக்" என்று ஆரம்பித்தாள். "கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன். அழுதாள். அழுகிற நேரத்தில் செருப்பு மாட்டு என்றேன்.

ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடி. நடைபாதைக் கோடியில் கண்ணாடிக் கதவு. வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏழு சாய்வு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயர மெஷின். உன் இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய், ரத்தம் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. நவம்பரிலிருந்து டயாலிசிஸ். ஐந்து மாதம். எல்லாருக்கும் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், சட்டைக்குத் தெரியும். பாகம் பிரித்தவளுக்குத் தெரியாது.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு முன்னால், சாப்பாடு வைக்கும் சக்கரத் தட்டில் மெஷின் நின்றிருந்தது. கண்ட்ரோலர் நழுவி மடியில் கிடந்தது. ரயில் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே போய், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எவ்வளவு திருப்பினாலும் எனக்கு வெளிச்சம்தான் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. நீ வண்டி ஓட்டவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. உன்னுடைய கை மெஷின் அப்படி ஒரு யோக்கியதையில் இருந்தது.

உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால் திட்டியிருப்பேன், ஊசி நகர்ந்திருக்கும்.

நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் டிவி. சத்தமில்லாமல் ஒருத்தி முகத்துக்கு என்னவோ தடவிக்கொண்டிருந்தாள். ஏழு பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டிவிக்குப் பின்னால் கையை விட்டேன்.

"யாருங்க நீங்க? டிவிக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?" என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"ஓட்டை இருக்கான்னு பார்க்கிறேன்."

"என்ன ஓட்டைங்க? இறங்குங்கம்மா முதல்ல. விழுந்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு நாற்காலி போடணும்."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு காலி" என்றேன். நல்ல ஓட்டை. நம் டாக்கின் வயர் கச்சிதமாகச் சேரும்.

உன் பக்கத்து நாற்காலியில் ஒரு ரிடையரான கண்டக்டர் இருக்கிறார். கையை ஆட்டாமல் கழுத்தை மட்டும் திருப்பி, "நீங்கதான் அவரோட அக்காவா?" என்றார். ஆமாம் என்றேன். "வாரத்துல மூணு நாள் உங்களைத்தான் திட்டுவாரு. எனக்குப் பொழுது போகுது" என்றார். பிறகு, "அந்தச் சதுப்பு ஸ்டேஷன்ல ஏம்மா ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது? பாவம், யாராவது இறங்கணும்னு நினைப்பாங்கல்ல" என்றார். வேலையில் இருந்தபோதும் இப்படித்தான் கண்ட இடத்தில் விசில் அடித்திருப்பார்.

வெளியே வந்து டாக்டரைப் பிடித்தேன். என்னுடைய கிட்னி ஒன்று சும்மாதானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வயதைக் கேட்டார், சர்க்கரையைக் கேட்டார், வேண்டாம் என்றார். ஒரு பரிசோதனைகூடச் செய்யவில்லை. என்ன படித்தாரோ. ஆனால் ஒன்று சொன்னார்: ஒழுங்காக வந்து உட்கார்ந்து, தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் ஓடுகிறார்களாம். உட்காரச் சலித்துப்போய் வராமல் விடுகிறவர்களுக்குத்தான் ஆபத்தாம். கூரியரில் அனுப்புகிறேன் என்று எழுதிய ஆளைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. உன் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். போன புதன்கிழமை நீ போகவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

போதும். இனி நடக்க வேண்டியது இது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீ அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். மெஷின், கண்ட்ரோலர், சார்ஜர் மூன்றும் உன் பையில் இருக்க வேண்டும். புதனும் இருக்க வேண்டும். வெள்ளியும்.

டாக்கையும் நீள வயரையும் நான் கொண்டுவருவேன். டாக் பெஞ்சு என்று எழுதினாயே, அந்தப் பெஞ்சைத்தான் இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வரப்போகிறேன்.

டிவியை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நமக்கு விடுவது நர்ஸின் பொறுப்பு. சத்தம் வைக்கக் கூடாது என்றாள், சரி என்றேன். மற்ற ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டாள். ஒருவர் மட்டும் செய்தி வேண்டும் என்றார். அவருக்குத் திங்கட்கிழமை பேப்பர் வாங்கிவருவேன்.

டிவிக்கு நேர் எதிரே இருப்பது கண்டக்டரின் நாற்காலி. அதில் நீ உட்கார வேண்டும், உன்னுடையதில் அவர். ஒப்புக்கொண்டுவிட்டார். பதிலுக்குச் சதுப்பு ஸ்டேஷனில் நாளுக்கு ஒரு வண்டி நிற்க வேண்டுமாம். ஒரே ஒரு வண்டி, அரை நிமிஷம். அட்டவணையை நீ போடு. என் பழைய சூப்பர்வைசருக்கு இந்த மரியாதை கிடைப்பது எனக்குத் துளியும் சம்மதமில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

உன் வீட்டுக்காரி என்னிடம் பொய் சொல்வதை நிறுத்த வேண்டும். சட்டைகளை எல்லாம் என்னிடம் அனுப்ப வேண்டும். அந்த மணிக்கட்டுப் பட்டனைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண் தெரியாவிட்டாலும் அதைவிட நன்றாகத் தைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வர வேண்டும். சின்னக் கப் ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். அதில் முழுக் கப்பும் உன்னுடைய பாதிக் கப்தான், அளந்துவிட்டேன். இனி மிச்சம் வைக்க உனக்கு வழியில்லை.

கடற்கரைப் பாதையில் தண்டவாளம் நான் போடுவேன், அட்டவணை நீ போடுவாய். ஒரு நாளைக்கு ஒரு பாலம், அதற்கு மேல் இல்லை. அவசரப்பட்டுக் கடைசி ஸ்டேஷனைத் திறக்கும் எண்ணம் யாருக்கும் இருக்கக் கூடாது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தீவு இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

கடைசியாக மெஷின். நீ போன கடிதத்தில் ஒப்புக்கொண்டது செல்லாது. சோர்ந்துபோனவன் கொடுக்கும் கையெழுத்தை நான் வாங்க மாட்டேன். திங்கட்கிழமை அதை டாக்கில் செருகுவேன், சுவர் டிவியில் ரயில் வரும், நீ கண் விழித்துப் பார்ப்பாய். அப்போது ஒப்புக்கொள். "ஆஸ்பத்திரி எப்படிக்கா வீடாகும்?" என்று கேட்பாய் என்று தெரியும். ஒப்பந்தத்தை எடுத்துப் படி. வீடு என்ற சொல்லே அதில் இல்லை. டிவி என்றுதான் இருக்கிறது. எழுதியது நீ.

அந்தப் பழைய காகிதத்தை எடுத்துவருகிறேன். அதன் கீழே, இந்த மெஷின் டிவியோடு சேர்வது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் நீ கையெழுத்துப் போட வேண்டும். வலது கையால் போடு. இடது கையை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். காகிதத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா